கடலோரம் ஓய்வுக்கு: பார்க் ஹோமா, பிளாற்றா, பங்களோவா?

லண்டனில் கடன் கட்டி முடித்த வீட்டை விற்றுவிட்டு, மிச்சக் காசோடு கடற்கரைப் பக்கம் போய்விடலாம் என்ற யோசனை எங்கள் வயதுக்காரர் பலருக்கு இருக்கிறது. முழங்கால் மாடிப்படியைப் பார்த்துப் பயப்படத் தொடங்கியதும் அது வரும். நானும் மனைவியும் போன கோடையில் சசெக்ஸ், எசெக்ஸ் கரையோரமாக வீடு பார்த்துத் திரிந்தோம். பார்த்தவை மூன்று வகை: பார்க் ஹோம் (தனியார் பார்க்கில் நிறுத்தி வைக்கும் வீடு), முதியோருக்கென்று கட்டிய பிளாற், மாடியில்லாத சின்ன பங்களோ.

கண்ணைப் பறித்தது பார்க் ஹோம்தான். இரண்டு அறை, புத்தம்புதுக் குசினி, வாசலில் ரோஜாச் சட்டி, ஐந்து நிமிட நடையில் கடல். விலையோ அதே ஊர் பங்களோவைவிட எவ்வளவோ குறைவு. விற்பனைக்காரர் சுற்றிக் காட்டி முடித்ததும் மனைவி என் காதுக்குள் சொன்னா: "உறுதி ஆற்ற பேரில எழுதுவினம் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். உறுதி என்று ஒன்று கிடையாது.

சட்டத்தின் கண்ணில் பார்க் ஹோம் ஒரு கரவன், அதாவது இடம் மாற்றக்கூடிய வண்டிவீடு. ரோஜாச் சட்டி வைத்தாலும் கரவன்தான். இரண்டு துண்டாக லொறியில் வந்து, அங்கேயே பொருத்தப்படும். 20 மீற்றர் நீளம், 6.8 மீற்றர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. அது அசையாச் சொத்து இல்லை என்பதால் காணிப் பதிவகத்தில் பதிய முடியாது. முத்திரை வரியும் இல்லை, வழக்கமான வீட்டுக் கடனும் கிடைக்காது. பெட்டி உங்களுடையது, அது நிற்கும் நிலம் பார்க் முதலாளியுடையது. அந்த நிலத்துக்கு மாதாமாதம் கட்டுவது பிட்ச் ஃபீ.

அடுத்தவன் காணியில் கொட்டில் போட்டவன் நிலைமைதான் என்று முதலில் நினைத்தேன். அது முழுக்கச் சரியல்ல. 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் குடியிருப்பவருக்கு நல்ல பிடி கொடுக்கிறது. சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல், நீதிமன்றம் போகாமல், முதலாளி உங்களை எழுப்ப முடியாது. இங்கிலாந்தில் 2023 ஜூலையிலிருந்து பிட்ச் ஃபீ வருடாந்த உயர்வுக்கு சிபிஐ (CPI) என்ற பணவீக்கக் கணக்கே அளவுகோல். அதற்கு முன் அதைவிடப் பெரும்பாலும் கூடுதலாக ஓடும் ஆர்பிஐ (RPI) என்ற இன்னொரு பணவீக்கக் கணக்கு. கரண்டை முதலாளி வாங்கி விற்றால், தான் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. ஓய்வூதிய வயதில் வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கு பிட்ச் ஃபீயைக் கட்ட ஹவுசிங் பெனிஃபிட் என்ற அரச உதவியும் உண்டு. இதை விற்பனைக்காரர் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அவர்கள் சொல்லாத இன்னொன்று பத்து வீதம். பின்னாளில் நீங்கள் விற்கும்போது, விலையில் பத்து வீதம் வரை பார்க் முதலாளி கொமிஷனாக எடுத்துக்கொள்ளலாம். அதுவும் சட்டப்படிதான்.

ஒரு இரவு கணக்குக் கொப்பியோடு குந்தினேன். பார்க் ஹோம் 2 லட்சம் பவுண், பிட்ச் ஃபீ மாதம் 230 என்று வையுங்கள். பத்து வருடத்தில் பிட்ச் ஃபீ, ஒரு பென்ஸ்கூட ஏறாவிட்டாலும், 27,600. பெட்டி பழசாகி 1.5 லட்சத்துக்கு விலைப்பட்டால் கொமிஷன் 15,000 போகக் கைக்கு 1.35 லட்சம். ஆக, அங்கே இருந்த செலவு 92,600. பங்களோ 3.2 லட்சம் என்றால் முத்திரை வரி 6,000. கூரை, பீலி, விற்கும் செலவு என்று 30,000 போடுவோம். வாங்கிய விலைக்கே விற்கிறோம். செலவு 36,000. ஆனால் பார்க் ஹோம் வாங்கினால் 1.2 லட்சம் வங்கியில் மிஞ்சுமே? நாலு வீத வட்டியில் பத்து வருடத்துக்கு 48,000. அதைக் கழித்தால் பார்க் ஹோம் செலவு 44,600க்கு இறங்குகிறது. பங்களோவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வெறும் 8,600. எனக்கே ஆச்சரியம்.

அந்தப் பெட்டி 1.5 லட்சத்துக்கு விற்காமல் 1 லட்சத்துக்குத்தான் போனால்? அதே கணக்கில் செலவு 89,600. ஒரே ஒரு இலக்கம் மாறியதும் முழுக் கணக்கும் தலைகீழ். நாங்கள் எல்லாரும் வாங்கும் விலையைத்தான் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். அந்தப் பார்க்கில் பத்துப் பதினைந்து வருடப் பழைய வீடு இப்போது என்ன விலைக்குப் போகிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதியோர் பிளாற்றைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. லிஃப்ட் உண்டு, பொறுப்பாளர் உண்டு, இரவில் விழுந்தால் உதவி கூப்பிட இழுக்க ஒரு கயிறு உண்டு. கட்டடப் பராமரிப்புக்கு சேர்விஸ் சார்ஜ் உண்டு, அது பிட்ச் ஃபீயைவிடக் கூடவும் போகலாம். விற்கும்போது வெளியேறும் கட்டணம் கேட்கும் குத்தகை ஒப்பந்தங்களும் உள்ளன; வாசித்துப் பாருங்கள். நாங்கள் பார்த்த இடத்தில் நடைபாதை எல்லாம் கம்பளம், ஆஸ்பத்திரி வாசம். மனைவி கருவாடு பொரித்தால் மூன்றாம் நாள் கடிதம் வரும் என்று எனக்குப் பட்டது.

ஆனால் ஒரு விசயத்தில் பிளாற் மற்ற இரண்டையும் அடித்துவிடும். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி ஜேவிக், கான்வி தீவு என்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தாழ்ந்த நிலத்தில் நின்ற மாடியில்லாத வீடுகளில் மேலே ஏற இடமில்லை. கரைச்சுவர்கள் இப்போது எவ்வளவோ உயரம், எச்சரிக்கையும் முன்கூட்டியே வரும். என்றாலும் வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் முற்பணம் கட்டாதீர்கள். நோர்ஃபோக்கின் ஹெம்ஸ்பியில் 2013, 2018, 2023 என்று மணல்மேட்டு வீடுகள் கடலுக்குப் பலியாகியிருக்கின்றன. உப்புக்காற்று இன்னொன்று: பார்க் ஹோமின் அடியில் இருப்பது இரும்புச் சட்டம். பழைய வீடென்றால் அடியைச் சுற்றி மறைக்கும் பாவாடைப் பலகையைக் கழற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். எனக்குக் குனிய முடியவில்லை, ஒரு பெடியனைக் கூட்டிப்போனேன்.

பார்க் ஹோமில் இன்னொரு பொறியும் உண்டு. சில இடங்களில் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு கரவன் நிற்கும். ஒன்று குடியிருப்பு அனுமதி, மற்றது விடுமுறை அனுமதி. விடுமுறைக் கரவனை நிரந்தர வீடாக வைத்திருக்க முடியாது, மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பும் கிடையாது. குடியிருப்புப் பார்க்கிலும்கூட, முதலாளியின் அனுமதியோ குத்தகையோ எந்த வருடம் முடிகிறது என்று கேளுங்கள். அவரிடம் வாங்கினால் ஒப்பந்தத்தை எழுத்தில் 28 நாள் முன்னதாகத் தர வேண்டும். இப்பவே கையெழுத்து வையுங்கோ, விலை கூடப்போகுது என்றால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். லீஸ் (LEASE) என்ற அரச நிதி பெறும் ஆலோசனை அமைப்பு பார்க் ஹோம் கேள்விகளுக்கும் இலவசமாகப் பதில் சொல்கிறது.

எங்களை நிறுத்தியது பேரப்பிள்ளைகள் விசயம். கன பார்க்குகளில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர்தான் குடியிருக்கலாம். பேரன் வந்து நிற்கலாம், குடிவர முடியாது. நாங்கள் போனபிறகு மகளுக்கு அந்த வீடு சேரும். ஆனால் எங்களோடு அங்கே வசித்திராத மகள் அதை விற்கத்தான் முடியும், குடியிருக்க முடியாது. விற்கும்வரை பிட்ச் ஃபீயும் அவள் தலையில்.

நாங்கள் பங்களோ பக்கம் சாய்ந்துவிட்டோம், அதுவும் சசெக்ஸின் கடலோர ஊரான செல்சியில் (Selsey) இல்லை. அங்கே போக வர ஒரே பெருவீதி, ஆஸ்பத்திரிக்கு எட்டு மைல் தள்ளி சிச்செஸ்டர். சிச்செஸ்டர் பக்கமாகவே பார்க்கிறோம்; கடல் பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கட்டும்.

என் ஒன்றுவிட்ட அக்கா தனியாள், பிள்ளைகள் இல்லை, பிளாற் விற்ற காசு பங்களோவுக்கு எட்டாது. அவ எசெக்ஸ் பக்கம் பன்னிரண்டு வருடப் பழைய பார்க் ஹோம் ஒன்றை நேரே குடியிருந்தவரிடம் வாங்கிவிட்டா. மேலே உள்ள கணக்கைக் காட்டினேன். "எனக்குப் பிறகு ஆருக்கடா விக்கிறது?" என்றா. அதற்கு என் கொப்பியில் பதில் இல்லை.