புராஜெக்டுக்குப் பணமா, ஆளுக்குப் பணமா?

அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு செலவழிக்க வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. எதைப் பார்த்துக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. அமெரிக்காவும் கனடாவும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஆனால் இதில் ஆளுக்கொரு வழி.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தரும் ஆர்01 மானியம் புராஜெக்டைப் பார்க்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள், அது நடக்கும் என்று காட்ட முதற்கட்ட முடிவுகள் கையில் இருக்கிறதா என்று கேட்கும். தொகை தாராளம்தான், ஆனால் விண்ணப்பங்களில் ஐந்தில் ஒன்று தேறினாலே பெரிது.

யூட்டா பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர் மரியோ கபெக்கி 1980-இல் இந்த நிறுவனங்களுக்கு மூன்று பகுதிகள் கொண்ட விண்ணப்பம் அனுப்பினார். பாலூட்டி செல்லில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் குறிவைத்து மாற்றுவது அதில் ஒன்று. மற்ற இரண்டும் சரி, இது நடக்கிற காரியமில்லை என்றது மதிப்பீட்டுக் குழு. பணம் வந்ததும் கபெக்கி அதில் பெரும்பகுதியை அந்த மூன்றாவது வேலையில்தான் போட்டார். 1984-இல் மறுபடி விண்ணப்பித்தபோது, 'எங்கள் ஆலோசனையைக் கேட்காததில் மகிழ்ச்சி' என்று பதில் வந்தது. 2007-இல் நோபல். இதை ஆர்01 முறையின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலித்ததால் தப்பித்தார், அவ்வளவுதான்.

கனடாவின் இயற்கை அறிவியல், பொறியியல் ஆராய்ச்சிக் கவுன்சில் தரும் 'டிஸ்கவரி' மானியம் தனி புராஜெக்டுக்கு அல்ல, ஆய்வாளரின் நீண்டகால ஆய்வுப் போக்குக்கு. பொதுவாக ஐந்தாண்டுக்குக் கிடைக்கும். விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். நடுவில் வேறு கேள்வி கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் திரும்பலாம், கபெக்கி மாதிரி உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. குறை, தொகைதான். ஆண்டுக்குச் சில பத்தாயிரம் டாலர். ஒன்றிரண்டு ஆய்வு மாணவர்களுக்கே சரியாகப் போய்விடும். கணிதத்துக்கும் சூழலியலுக்கும் ஓடும், எலி வளர்க்கும் லேபுக்கு ஓடாது. ஆனால் இந்த மானியம் பெற்றவர்களைப் பற்றி 2013-இல் வந்த ஓர் ஆய்வு, பெரிய தொகை வாங்கியவர்கள் ஒவ்வொரு டாலருக்கும் கொடுத்த பலன் குறைவு என்றது. என் ஓட்டு கனடாவுக்கு, தொகையைக் கொஞ்சம் ஏற்றினால்.

அப்புறம், மூன்றாவதாகக் குலுக்கல். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சில் 2013 முதல், துணிச்சலான யோசனைகளில் தகுதியானவற்றை மட்டும் பொறுக்கி, குலுக்கிப் போட்டு 1,50,000 நியூசிலாந்து டாலர் தருகிறது. சுவிட்சர்லாந்து 2021-இல் இதை ஏற்றது, சமமாக நிற்கும் விண்ணப்பங்களுக்கு மட்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 'நடக்காத காரியம்' என்று தள்ளும் ஆசாமிக்கு அங்கே வேலை குறைவு.