சி.வி.டி. ஆயில் என்று பில் போட்டு வேறு ஆயில் ஊற்றினார்கள்: ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக சி.வி.டி. (பெல்ட்டும் புல்லியும் வைத்து இயங்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வண்டி வைத்திருக்கிறவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுகிறோம் என்று பணம் வாங்கிய ஒரு ஒர்க்‌ஷாப், எங்கள் வண்டிக்கு ஒத்துவராத, வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சாதாரண ஏ.டி.எஃப். ஆயிலை ஊற்றி அனுப்பியது. வண்டி குன்னூர் மலைப்பாதையில் நின்றது. அதற்குப் பிறகு அதே ஆட்கள் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லி 1,65,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இப்போது எழுதவில்லை. ஆனால் இது அந்த ஒரு இடத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

என் கணவருக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால்தான் ஆட்டோமேட்டிக் வாங்கினோம். வாரன்டி முடிந்த பிறகு, கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வந்ததும் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றக் கொடுத்தோம். வாசலில் ‘ஆட்டோமேட்டிக் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பெரிய போர்டு. உள்ளே எப்போதும் நாலைந்து வண்டிகள் நிற்கும். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர்களை விடுவதில்லையாம். பில்லில் ‘சி.வி.டி. ஆயில் - 4 லிட்டர்’ என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயர் இல்லை, பார்ட் நம்பர் இல்லை.

சில வாரங்களில் நடுக்கம் ஆரம்பித்தது. சிக்னலில் நின்று கிளம்பி இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு வரும்போது வண்டி முழுக்க அதிரும். திரும்பக் கொண்டுபோய்க் காட்டினோம். “ஆட்டோமேட்டிக்னா கொஞ்சம் அப்படித்தானுங்க்கா இருக்கும்” என்றார் அங்கிருந்தவர். அடுத்த முறை போனபோது, உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது, மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்ய வேண்டும் என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். எங்கள் வண்டியின் கையேட்டில் ஃப்ளஷ் என்ற வேலையே இல்லை. பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றச் சொல்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகும் நடுக்கம் போகவில்லை. அப்போது பழியை என் கணவர் மேல் போட்டார்கள்: “சார் ரெண்டு காலையும் வச்சு ஓட்டுறார் போல.” அதாவது ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்சிலரேட்டரில். அவர் இடது காலைப் பெடல் பக்கமே கொண்டுபோவதில்லை. வலியோடு கவனமாக ஓட்டுகிற மனிதரைப் பார்த்து அப்படிச் சொன்னது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தப்பான ஆயில் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. டார்க் கன்வெர்ட்டர் வகை வேறு, இரட்டை கிளட்ச் டி.சி.டி. வேறு. சி.வி.டி.யில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியான கியர்களே கிடையாது. கூம்பு வடிவத் தட்டுகள் கொண்ட இரண்டு புல்லிகள், அவற்றுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட். புல்லியின் தட்டுகள் நெருங்கியும் விலகியும் கொடுக்க, பெல்ட் ஓடும் விட்டம் மாறிக்கொண்டே இருக்கும். எஃகோடு எஃகு உரசுகிற இடம் அது. அங்கே இருக்கும் ஆயில் தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், அதே சமயம் பெல்ட்டை வழுக்கவும் விடக் கூடாது. புல்லியை இறுக்கிப் பிடிக்கிற அழுத்தமும் அதே ஆயில் வழியாகத்தான் வருகிறது.

அதனால்தான் ஒவ்வொரு கம்பெனியும் தனி ஆயில் சொல்கிறது. ஹோண்டாவின் இப்போதைய சி.வி.டி.களுக்கு ஹெச்.சி.எஃப்.-2, நிசானின் பல சி.வி.டி.களுக்கு என்.எஸ்.-3 என்று கையேட்டிலேயே பெயர் இருக்கும். இதற்குப் பதில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியில் கீறல் விழும், அந்த இரும்புத் தூள் ஆயிலோடு சேர்ந்து வால்வுகளுக்குள் போகும். முதல் நாளே தெரியாது. அதுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி.

நாங்கள் குன்னூர் போனது ஒரு கல்யாணத்துக்கு. மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் வரை சமாளித்த வண்டி, அதற்கு மேல் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்தியது, வண்டி ஏறவில்லை. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. பின்னால் அரசுப் பேருந்து. கணவர் பிரேக்கை விடாமல் பிடித்து, கைப்பிரேக்கை இழுத்து, அதன் பிறகு கியரை பி-யில் (பார்க்கிங்) போட்டார். சரிவில் இந்த வரிசை முக்கியம். கைப்பிரேக் போடாமல் பி-க்குப் போனால் வண்டியின் மொத்தப் பாரமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கியில் தொங்கும். நான் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து போக்குவரத்தை ஒதுக்கிவிட்டார். அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தோம். அவர்கள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “நியூட்ரல்ல போட்டு, கயிறு கட்டி மேட்டுப்பாளையம் வரைக்கும் இழுத்துட்டு வந்துடுங்க, ஒண்ணும் ஆகாதுங்க.”

ஆகும். இது போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு ஆயில் அனுப்பும் பம்ப், என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜின் அணைந்த நிலையில் முன் சக்கரங்கள் தரையில் உருண்டால், உள்ளே எல்லாம் சுழலும், ஆயில் மட்டும் போகாது. அதைவிடப் பெரிய ஆபத்து, என்ஜின் ஓடாத வண்டியில் ஸ்டீயரிங் கனத்துவிடும், ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். அந்த வண்டியைக் கயிற்றில் கட்டி மலையிறக்கச் சொன்னவர்கள் தங்களை ஸ்பெஷலிஸ்ட் என்கிறார்கள். டாஷ்போர்டு அறையில் இருந்த கையேட்டைப் புரட்டினேன். வண்டியை முழுதாக மேலே ஏற்றிக் கொண்டுபோகும் லாரியில்தான் அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் முன் சக்கரங்களையாவது தூக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. காத்திருந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து ஃப்ளாட்பெட் வரவழைத்தோம். அப்புறம்தான் அந்த 1,65,000 எஸ்டிமேட் வந்தது. உள்ளே திறந்துகூடப் பார்க்காமல் எழுதிய எஸ்டிமேட்.

வண்டியை அங்கே விடாமல், உறவினர் ஒருவர் சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார், பிறகு எங்கள் கண் முன்னால் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். வந்தது செக்கச்சிவந்த ஆயில், கருகிய வாடையோடு. அவர் தம்மிடம் சீல் உடைக்காமல் இருந்த, எங்கள் வண்டிக்கான கம்பெனி ஆயிலைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றல்ல என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் இரும்புப் பொடி அப்பியிருந்தது. “இது ஏ.டி.எஃப்.ங்கம்மா, பெல்ட் வழுக்கியிருக்கு” என்றார்.

ஒரு முறை வடித்தால் எல்லா ஆயிலும் வராது. எங்கள் சி.வி.டி.யிலும் என்ஜினோடு இணைக்கும் இடத்தில் ஒரு டார்க் கன்வெர்ட்டர் உண்டு. அதிலும் வால்வு பகுதியிலும் பாதி தங்கிவிடும். அதனால் சரியான ஆயிலை ஊற்றுவது, கொஞ்சம் ஓட்டுவது, மறுபடி வடிப்பது என்று மூன்று சுற்று செய்தார். எங்கள் வண்டியில் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகு பக்கவாட்டு போல்ட் வழியாகத்தான் மட்டம் பார்க்க முடியும். அதையும் காட்டினார். இப்போது வண்டி ஓடுகிறது. லேசான அதிர்வு மிச்சம் இருக்கிறது. புல்லியில் விழுந்த கீறல் ஆயில் மாற்றியதால் மறையாது, எத்தனை காலம் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று நேர்மையாகச் சொன்னார். கியர்பாக்ஸ் மாற்றச் சொல்லவில்லை.

எங்களைப் போல மாட்டாமல் இருக்க, ஆயில் மாற்றும் நாளில் பக்கத்தில் நிற்க விடாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். டேங்கர் மாதிரி பெரிய டிரம்மிலிருந்து குவளையில் மொண்டு ஊற்றினால் நிறுத்தச் சொல்லுங்கள். கையேட்டில் உள்ள பெயரும் டின்னில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், காலி டின்களைக் கேட்டு வாங்கி வாருங்கள். ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே ஆயில்’ என்று யாராவது சொன்னால் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆயுள் முழுக்க ஆயிலே மாற்ற வேண்டாம் என்பவர்களையும் நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலும் நெரிசலும் மலையேற்றமும் ஆயிலைச் சீக்கிரம் சோர்வடையச் செய்யும். நடுக்கம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், அதோடு மலைக்குப் போகவே போகாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வடித்த ஆயிலைக் கொட்ட விடாதீர்கள். நாங்கள் ஒரு பாட்டிலில் பிடித்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கி வைத்தோம். கழற்றும்போது வீடியோவும் எடுத்தோம். பழைய பில், எஸ்டிமேட், வாட்ஸ்ஆப் உரையாடல் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பேசினோம். ஒர்க்‌ஷாப் பணம் தர மறுத்ததால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சேவைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

நோட்டீஸ் போன பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து, ஃப்ளஷ் செய்த பணத்தைத் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். வாங்கவில்லை. எங்களுக்குச் செய்ததை அங்கே இன்னும் எத்தனை வண்டிகளுக்குச் செய்திருப்பார்கள் என்று தெரிய வேண்டும். கோவைப் பக்கம் சி.வி.டி. ஆயில் மாற்றிய பிறகு நடுக்கம் வந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பில்லில் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.