நாட் (NAT) முறையா, பிரிட்ஜ் முறையா? விர்ச்சுவல் மெஷினில் நெட் வராதபோது

சேலத்தில் வீட்டு ரவுட்டரில் ஒழுங்காக ஓடிய விர்ச்சுவல் மெஷின் (லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), ஏற்காட்டில் தங்கிய விடுதியின் வைஃபையில் நெட்டே பிடிக்கவில்லை. லேப்டாப்பில் மட்டும் ஜோராக வருகிறது! அந்த மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் பிரிட்ஜ் முறையை வைத்தபடியே மலையேறியிருந்தேன். பிரிட்ஜில் மெஷின் தனிக் கணினி போல ரவுட்டரோடு நேராகச் சேரும்; நாட் முறையில் லேப்டாப்பின் இணைப்பு வழியாகவே வெளியே போகும்.

ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்)
நாட்: விர்ச்சுவல்பாக்ஸே கொடுத்துவிடும், வழக்கமாக 10.0.2.15.
பிரிட்ஜ்: ரவுட்டர் தர வேண்டும். உள்ளே இருக்கும் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், ரவுட்டர் கை விரித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அதுதான் வந்தது.

வைஃபையில்
நாட்: லேப்டாப்பில் நெட் இருந்தால் பெரும்பாலும் இதிலும் வரும்.
பிரிட்ஜ்: தலைவலியே இங்கேதான். பல வைஃபை அடாப்டர்கள் இதற்கு முழுதாக ஒத்துழைப்பதில்லை. லாகின் கேட்கும் விடுதி நெட்வொர்க், இரண்டாவது ஐபி தரவும் மறுக்கலாம். கேபிள் செருகினால் பாதிச் சிக்கல் தீரும். விடுதியில் கேபிளுக்கு எங்கே போவது?

வெளியிலிருந்து உள்ளே வர
நாட்: போர்ட் ஃபார்வர்டிங் போட வேண்டும், அதாவது லேப்டாப்பின் ஒரு போர்ட்டுக்கு (இணைப்பு வாசல் எண்) வருவதை மெஷினின் போர்ட்டுக்குத் திருப்பிவிட வேண்டும், உதாரணமாக லேப்டாப்பின் 2222-இலிருந்து மெஷினின் 22-க்கு.
பிரிட்ஜ்: நேராக வரலாம்.

பிரவுசிங், அப்டேட் மட்டும் என்றால் நாட் போதும். மெஷினில் ஓடும் சர்வரைப் போனிலிருந்து திறக்க வேண்டுமா, வீட்டில் கேபிளோடு பிரிட்ஜ். அப்புறம், குழப்பமாக இருந்தால் முதலில் நாட் முறைக்கு மாற்றிப் பாருங்கள். நெட் வந்துவிட்டால் கோளாறு மெஷினுக்குள் இல்லை. பிரிட்ஜ் அமைப்பையோ ரவுட்டரையோ பாருங்கள்.