என்விடிஏவில் தமிழ்: நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை

கணினித் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களில் நம்மூர்ப் பார்வையற்றோர் பலர் கைவைப்பது என்விடிஏவில்தான். காசு கிடையாது, பழைய கணினியிலும் ஓடும். 2006இல் இதை எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் தானும் பார்வையற்றவர். விசைப்பலகை மட்டுமே வைத்து வேலை முடிப்பவனுக்கு என்ன தேவை என்று தெரிந்து செய்தது என்பது ஒவ்வொரு குறுக்குவிசையிலும் தெரியும்.

நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் குரலில் ஆரம்பிக்கும். விண்டோஸ் 10, 11இல் என்விடிஏ முதலில் எடுத்துக்கொள்வது கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலக் குரலை. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. தப்பாகப் படித்தாலாவது பரவாயில்லை, சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். புதிதாக வருபவர் பக்கமே காலி என்று நினைத்துக்கொள்வார். என்விடிஏ விசையோடு (இன்செர்ட் அல்லது கேப்ஸ் லாக்) கண்ட்ரோல், எஸ் அழுத்தி, என்விடிஏவோடு சேர்ந்தே வரும் பேச்சுப்பொறியான ஈஸ்பீக்கைத் தேர்ந்தெடுங்கள். பிறகு என்விடிஏ, கண்ட்ரோல், வி அழுத்தித் தமிழ்க் குரலை வையுங்கள்.

ஈஸ்பீக்கின் தமிழ் தகரத்தில் தட்டுவது போலத்தான் இருக்கும். முதல் வாரம் எரிச்சல் வரும். ஆனால் விசையைத் தொட்ட கணமே பேசும், வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் எழுத்தை விழுங்காது, நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் புரியும்படி சொல்லிவிடும். விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும் ‘வள்ளுவர்’ குரல் காதுக்கு இதம். நீளமான கட்டுரைக்கு அதுதான் சரி. ஆனால் கோப்புறைகளில் மேலும் கீழும் போகும்போது அந்தச் சின்னத் தாமதமே நாள் முழுக்கச் சேர்ந்து அலுப்பாகிவிடும். வேலைக்கு ஈஸ்பீக், வாசிக்க வள்ளுவர் என்று இரண்டு ப்ரொஃபைல் (தனித்தனி அமைப்புத் தொகுப்பு) வைத்துக்கொள்வதுதான் நிலைத்து நின்ற ஏற்பாடு. ப்ளூடூத் ஹெட்போனில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் வெட்டுப்பட்டால் ஆடியோ அமைப்பில் ஒலிக்கருவியை விழித்திருக்க வைக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

இனி எழுத்து. தமிழைக் கண்ணால் படிப்பவருக்குத் தெரியாத பிழைகள் எல்லாம் காதுக்குத்தான் தெரியும். ‘ஒளவையார்’ என்று ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஔகாரம் போலவே இருக்கும். குரல் அதை ‘ஒள’ என்று, ஒளியும் ஒளிவும் போலப் படித்துவிடும். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும்போது இது நிறைய வரும். சந்தேகம் வந்தால் எழுத்தின் மேல் நின்று நம்பர் பேடில் 2ஐ மூன்று முறை சட்டென்று அழுத்துங்கள், அந்த எழுத்துக்குக் கணினியில் உள்ள யூனிகோடு எண்ணைச் சொல்லும். ரகரம் 2992, துணைக்கால் 3006. மூன்று சுழி ணகரம் 2979, றன்னகரம் 2985. ஈஸ்பீக்கின் ண, ந, ன வேறுபாடு வேகமாகக் கேட்கும்போது காதில் நிற்காது என்பதால், மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும்.

தட்டச்சு செய்யும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். அம்புக்குறியில் நகர்ந்தால் ‘கொ’ ஒரே எழுத்து. டெலீட் அழுத்தினால் முழுதாகப் போகும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் போய்க் ககரம் மிஞ்சும். இது தெரியாமல் அழித்தவரின் கோப்பில் அங்கங்கே அநாதை எழுத்துகள் கிடக்கும்.

சுருக்கங்களுக்குப் பேச்சு அகராதி உதவும். ‘ரூ.’ என்பதை ‘ரூபாய்’ என்றும் ‘கி.மீ.’ என்பதைக் ‘கிலோமீட்டர்’ என்றும் சேர்த்துவிடலாம். புள்ளியை மட்டும் மறக்காதீர்கள். வெறும் ‘ரூ’ என்று சேர்த்து, எங்கு வந்தாலும் மாற்று என்று விட்டுவிட்டால், கரூர் போகும் பேருந்து ‘கரூபாய்ர்’ போகும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது பிடிஎஃப். அதில் மூன்று வகை உண்டு, வந்ததும் எந்த வகை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

முதலாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். ‘தமிழ்’ என்ற சொல் ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று கேட்கும். இதுவே மூன்றிலும் நல்ல வகை: நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது, யூனிகோடில் அடித்திருந்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்து வரிசை கலைந்தது. ‘பெயர்’ என்பது ‘ெபயர்’ ஆகியிருக்கும். கொம்பு முன்னால் வந்து தனியாக நிற்க, குரல் அதைத் தனியே சொல்லிவிட்டு ‘பயர்’ என்று போகும். பத்து வரி என்றால் ஊகித்துவிடலாம், பத்துப் பக்கம் என்றால் தலைவலி. மூன்றாவது, வெறும் படம்.

அலுவலகச் சுற்றறிக்கைகளில் இந்த மூன்றாவது வகைதான் அதிகம் வருகிறது. கணினியில் யூனிகோடில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு மின்னணுத் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. கையெழுத்துக்காக மட்டும் அந்த எழுத்துகள் எல்லாம் படமாகிவிடுகின்றன. என்விடிஏ, ஆர் அழுத்தினால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் விண்டோஸின் எழுத்துணரி ஓடும். ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலக் குப்பையைக் கொட்டும். கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறப்பதுதான் வழி. ஒற்றைப் பத்தி உரை நன்றாகவே வரும். அட்டவணை இருந்தால் கட்டங்கள் கலைந்து, யாருடைய பெயருக்கு எந்த எண் என்பது போய்விடும். அந்த இடத்தில் கண் பார்க்கும் ஒருவரை அழைக்க வேண்டியதுதான்.

இணையப் படிவங்களிலும் இதே கதை. பெட்டிக்குப் பெயர் சூட்டாமல் விட்டால் ‘எடிட்’, ‘எடிட்’, ‘எடிட்’ என்று மட்டும் கேட்கும். முன்னால் இருக்கும் வரியை மேல் அம்புக்குறியால் படித்து ஊகிக்கலாம், பெயரும் பெட்டியும் தள்ளித் தள்ளி இருந்தால் அதுவும் நடக்காது. படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும், ஒலிவழி மாற்று இல்லாத கேப்சாவுக்கு இன்றுவரை மருந்தில்லை.

பென் டிரைவில் என்விடிஏவின் போர்ட்டபிள் நகல் (நிறுவாமலே ஓடுவது) ஒன்றை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டர் கணினியிலும் உங்கள் ஈஸ்பீக் குரல், அகராதி எல்லாம் அப்படியே வரும். நிர்வாகி அனுமதி கேட்கும் திரையில் மட்டும் அது பேசாது. ஆண்டின் முதல் பதிப்பு (‘.1’ என்று முடிவது) வெளியாகும்போது பழைய ஆட்-ஆன்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்த நிரல்கள்) வேலை செய்யாமல் போகலாம். தேர்வோ அலுவலகக் கெடுவோ இருக்கும் வாரத்தில் புதுப்பிக்காதீர்கள்.

கோப்பு அனுப்பும் நண்பர்களுக்கு: பிடிஎஃப்போடு அந்த வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.