கேரியோடைப், ஒய் மைக்ரோடெலிஷன், டிஎஃப்ஐ: ஆணுக்கு எந்தப் பரிசோதனை, எப்போது?

கரு மூன்று முறை கலைந்திருக்கும். மனைவிக்குத் தைராய்டு, கர்ப்பப்பை ஸ்கேன், ஏபிஎல்ஏ (ரத்தம் உறைதல் தொடர்பான ஆன்டிபாடி பரிசோதனை) என்று எல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் கணவரிடம் ஒரு குழாய் ரத்தம் எடுக்க யாருக்காவது தோன்றும். அப்போதும் எந்தப் பரிசோதனை என்பதில் குழப்பம். குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் கேரியோடைப், ஒய் குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் மைக்ரோடெலிஷன், விந்தணு டிஎன்ஏவின் முறிவை அளக்கும் டிஎன்ஏ ஃப்ராக்மென்டேஷன் (டிஎஃப்ஐ) மூன்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்கும் லேப்கள் உண்டு. மூன்றும் மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கான விடை. ஒரே ஆளுக்கு மூன்றும் தேவைப்படுவது அபூர்வம்.

தேர்வை முடிவு செய்பவை இரண்டே விஷயங்கள்: கரு தரித்ததா, விந்தில் அணுக்கள் எத்தனை. தரித்துத் தரித்துக் கலைகிறது என்றால் முதலில் கேரியோடைப், அடுத்து டிஎஃப்ஐ. அணு எண்ணிக்கை சரியாக இருக்கும்போது மைக்ரோடெலிஷனுக்குச் செலவழிப்பது வீண். அணுவே இல்லை, அல்லது மில்லிக்கு 50 லட்சத்துக்கும் கீழே என்றால் கேரியோடைப்போடு மைக்ரோடெலிஷனையும் யோசிக்க வேண்டும். 10 லட்சத்துக்கும் கீழே போனால் அதைத் தவிர்க்கவே கூடாது. அணுவே இல்லாதவருக்கு டிஎஃப்ஐ எடுக்க வழியே இல்லை.

கேரியோடைப்

பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் குழாயில் 3 முதல் 5 மில்லி ரத்தம் போதும். ஊதா மூடி இடிடிஏ குழாயில் எடுத்து அனுப்பினால் லேப் திருப்பி அனுப்பிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் செல்கள் செத்துப்போகும். இது உயிருள்ள செல்களை வளர்த்துச் செய்யும் பரிசோதனை. வெள்ளை அணுக்களை சுமார் 72 மணி நேரம் வளர்த்து, பிரியும் தருணத்தில் நிறுத்தி, சாயம் ஏற்றி, வழக்கமாக 20 செல்களில் குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

கரு கலைவதில் இது தேடுவது சமநிலை ட்ரான்ஸ்லோகேஷனை. இரண்டு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். மொத்தச் சரக்கில் எதுவும் குறையாததால் அந்த ஆண் முழு ஆரோக்கியமாக இருப்பார், விந்து அறிக்கைகூட நார்மலாக வரலாம். சிக்கல் விந்தணு உருவாகும்போது. இடம் மாறிய ஜோடிகள் பிரியும் விதத்தைப் பொறுத்துச் சில அணுக்களில் ஒரு துண்டு கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் போய்விடும். அப்படிப்பட்ட அணுவிலிருந்து உண்டான கரு பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே நின்றுவிடும். பொதுமக்களில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இப்படித் துண்டுகள் இடம் மாறும் ரெசிப்ரோகல் வகை இருக்கிறது. 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ராபர்ட்சோனியன் வகை சுமார் 1000 பேரில் ஒருவருக்கு. தொடர் கருச்சிதைவு உள்ள தம்பதிகளில் 2 முதல் 5 சதவீதத்தினரில் இருவரில் ஒருவர் இதைச் சுமக்கிறார். அதனால் கேரியோடைப் எடுத்தால் இருவருக்கும் எடுக்க வேண்டும்.

இதற்குப் பதிலாக மைக்ரோஅரே (குரோமோசோம் துண்டுகளின் அளவை டிஎன்ஏ சிப்பில் பார்க்கும் பரிசோதனை) எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. புதியது, விலை கூட, ஆகவே மேலானது என்று நினைத்துவிடுகிறார்கள். மைக்ரோஅரே கூடுதலையும் குறைவையும் மட்டுமே அளக்கும். சமநிலை ட்ரான்ஸ்லோகேஷனில் இரண்டுமே இல்லாததால், ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிடும். பெற்றோரைப் பரிசோதிக்க பழைய கேரியோடைப்தான் சரி.

இன்னொரு பக்கம் பொய்ப் பயம். இன்வர்ஷன் 9, 9 கியூஎச் பிளஸ், ஒய் கியூஎச் பிளஸ் என்று ரிப்போர்ட்டில் வந்தால் பலர் அதைக் காரணமாக எடுத்துக்கொண்டு ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) வரை போய்விடுகிறார்கள். இவை மனிதர்களுக்கிடையே இயல்பாக இருக்கும் வேறுபாடுகள். இவற்றை வைத்து எந்தச் சிகிச்சையும் தொடங்கத் தேவையில்லை.

அணுவே இல்லாதவரிடம் இதே பரிசோதனை தேடுவது 47, எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். கிளைன்ஃபெல்ட்டர் எனப்படும் இது சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு உண்டு. மைக்ரோஸ்கோப் உதவியோடு விரைக்குள் அணுவைத் தேடும் மைக்ரோ டீசே அறுவையில் இவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் விந்தணு கிடைக்கிறது.

ஒய் மைக்ரோடெலிஷன்

இதற்கு ஊதா மூடிக் குழாய். டிஎன்ஏ மட்டும் போதும், செல் உயிரோடு இருக்கத் தேவையில்லை. டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஏஇசட்எஃப் ஏ, பி, சி என்ற மூன்று பகுதிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய வழிகாட்டலின்படி பகுதிக்கு இரண்டாக ஆறு மார்க்கர்கள் (எஸ்ஒய்84, 86, 127, 134, 254, 255) அடிப்படை. பிசிஆர் வேலை செய்ததா என்பதைக் காட்டும் கன்ட்ரோல்களும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். அவை இல்லாத ரிப்போர்ட்டில் "டெலிஷன் உண்டு" என்று வந்தால், பிசிஆரே நடக்காமல் போயிருக்கலாம்.

இதன் பெரிய மதிப்பு ஒரு தேவையற்ற அறுவையைத் தடுப்பது. ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் விரையைத் திறந்து தேடினாலும் அணு கிடைக்க அநேகமாக வாய்ப்பில்லை. சி மட்டும் இல்லையென்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கும், சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் வரும். ஆனால் இக்சி (விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் முறை) மூலம் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அந்தக் குறை அப்படியே போகும். இதைத் தம்பதியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விந்தின் அளவு 1.4 மில்லிக்கும் குறைவு, அமிலத்தன்மை, தொட்டுப் பார்த்தால் விந்துக் குழாயே தட்டுப்படவில்லை என்றால் பாதை வேறு. அங்கே கேட்க வேண்டியது சிஎஃப்டிஆர் (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணு) பரிசோதனை, கூடவே சிறுநீரக ஸ்கேன். ஐரோப்பியர்களுக்காக அமைத்த சிறிய மியூட்டேஷன் பட்டியல் இந்தியர்களில் பலவற்றைத் தவறவிடும் என்பதால் முழு ஜீன் சீக்வென்சிங் நல்லது. கணவருக்கு மாற்றம் இருந்தால் மனைவிக்கும் பார்த்துவிட்டுத்தான் இக்சி. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் முடித்த திருமணத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

டிஎஃப்ஐ

மூன்றில் இது ஒன்றுதான் பரம்பரை சாராதது, மாற்றக்கூடியதும் இதுதான். விந்தணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழைகளில் எத்தனை சதவீத அணுக்களில் முறிவு இருக்கிறது என்பதே கணக்கு. எஸ்சிஎஸ்ஏ முறையில் ஃப்ளோ சைட்டோமீட்டர் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணும். ஹேலோ முறையில் ஆள் உட்கார்ந்து சில நூறு அணுக்களைப் பார்ப்பார். எஸ்சிஎஸ்ஏவில் 30 சதவீதத்துக்கு மேல் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் எல்லை. ஒரு முறையின் எல்லையை இன்னொரு முறையின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. முறையின் பெயர் இல்லாத ரிப்போர்ட்டால் பயனில்லை.

இந்த எண் எளிதில் ஆடும். பத்து நாள் இடைவெளி விட்டுச் சாம்பிள் கொடுத்தால் கூடும், இரண்டு நாளில் கொடுத்தால் குறையும். மூன்று மாதத்துக்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் காட்டும். விந்தணு உருவாகி வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆவதால், எந்த மாற்றம் செய்தாலும் அதற்கு முன் மறுபரிசோதனை வேண்டாம். புகை, வேரிகோசீல் (விரைப்பை ரத்தக் குழாய் வீக்கம்), கட்டுப்படாத சர்க்கரை, பேக்கரி அடுப்பு போன்ற வேலைச் சூடு ஆகியவற்றைச் சரிசெய்வதில்தான் பலன். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் மாதக்கணக்கில் எழுதப்படுகின்றன. 2020-இல் வெளியான அமெரிக்க மாக்ஸி ஆய்வில் அவை டிஎன்ஏ முறிவைக் குறைக்கவில்லை.

பெற்றோரா, கலைந்த கருவா?

இந்த மூன்றையும் முந்தக்கூடிய ஒன்று உண்டு: கலைந்த திசுவையே பரிசோதிப்பது. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதியில் குரோமோசோம் கோளாறுதான் காரணம், அதில் பெரும்பகுதி பெற்றோரிடமிருந்து வராமல் தற்செயலாக நேர்வது. ட்ரைசோமி 16 (16-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது) என்று வந்தால் அந்த இழப்புக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு துண்டு கூடுதல், இன்னொன்று குறைவு என்று வந்தால் உடனே இருவருக்கும் கேரியோடைப். இங்கே மைக்ரோஅரே சிறந்தது, ஏனென்றால் செத்த திசுவிலும் வேலை செய்யும். திசுவை ஃபார்மலினில் போடாமல் ஸ்டெரைல் சலைனில் அனுப்பச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி அறையில் பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிடுவதே வழக்கமான விபத்து. 46, எக்ஸ்எக்ஸ் (நார்மல் பெண்) என்று வந்தால் அது தாயின் செல்லா என்று லேப் சரிபார்த்ததா எனக் கேளுங்கள்.

ட்ரான்ஸ்லோகேஷன் இருந்தால்: இயற்கையா, பிஜிடியா?

ஐவிஎஃப் செய்து, ஐந்தாம் நாள் கருவிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதித்து, சமநிலையுள்ள கருவை மட்டும் வைப்பது பிஜிடி-எஸ்ஆர். கலையும் வாய்ப்பைக் குறைக்கும். ஆனால் கடைசியில் குழந்தை பிறக்கும் வாய்ப்பை உயர்த்துமா என்றால், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2006-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் தொடர்ந்து கலைந்த தம்பதிகளில் கேரியராக (குரோமோசோம் மாற்றத்தைச் சுமப்பவராக) இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கும் கேரியர் அல்லாதவர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஆரோக்கியமான குழந்தை பிறந்தது. மனைவிக்கு வயது 30-க்குள், கரு எளிதில் தரிக்கிறது என்றால் முதலில் இயற்கையாக முயன்று, கர்ப்பத்தில் சிவிஎஸ் (நஞ்சுத் திசுப் பரிசோதனை) அல்லது பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்வதே எங்கள் சாய்வு. வயது 37-ஐத் தாண்டியவர்கள், எப்படியும் ஐவிஎஃப் தேவைப்படுபவர்கள், இன்னொரு இழப்பைத் தாங்க மனம் இல்லாதவர்கள் பிஜிடிக்குப் போகலாம்.

வகையும் முக்கியம். ராபர்ட்சோனியன் ஆண்களின் விந்தணுக்களில் பெரும்பாலானவை சமநிலையானவை. ரெசிப்ரோகல் வகையில் ஏறத்தாழ பாதி கெட்டுப்போகும், எனவே சோதிக்க நிறையக் கரு வேண்டும். 21-ஆம் குரோமோசோம்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியவருக்கு எத்தனை முயன்றாலும் தன் விந்தணுவில் நார்மல் கரு அமையாது. தானம் பெற்ற விந்து அல்லது தத்தெடுப்பு.

ட்ரான்ஸ்லோகேஷன் உறுதியானால் அவருடைய பெற்றோருக்கும், அவர்களில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் கேரியோடைப் எடுக்க வேண்டும். தங்கைக்கோ தம்பிக்கோ அது இருக்க 50 சதவீத வாய்ப்பு.