பூந்தண்டிகைச் சோடனை: முழுக் கூலிக்கு விடமுன்

மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கொடி ஏறிவிட்டால், பூந்தண்டிகைக்கு, அதாவது சுவாமி வீதியுலா போகிற பூப்பல்லக்குக்கு, மட்டக்களப்பில் சோடனைக்காரரைப் பிடிப்பது கஷ்டம். சட்டகம், பூ, லைற், ஜெனரேற்றர், கட்டும் பொடியன்மார் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை பேசும் முழுக் கூலிச் சேவையை உபயகாரர் பலர் எடுக்கிறார்கள். கொடுக்கிற காசுக்குச் சட்டகமும் லைற்றும் சரியாக வரும். பூவில்தான் பாதி கோட்டை விடுவார்கள். சுவாமி வெளிக்கிடும்போது எடுத்த படத்தைக் காட்டித்தான் எல்லாரும் ஓடர் பிடிக்கிறார்கள். தண்டிகை வீதி சுற்றி வாசலுக்குத் திரும்பிய நேரத்துப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆள் யாரென்று அதில் தெரியும்.

பூ வாடக் காரணம் கச்சான் காற்று. வைகாசி தொடங்கி ஆடி வரைக்கும் பகலில் அடிக்கிற அந்தச் சூட்டுக் காற்றில் ஈரச் சாக்கே கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், மல்லிகை எம்மாத்திரம்! மலைநாட்டுச் செவ்வந்தியும் ஜெர்பராவும் பதுளை வீதியால் செங்கலடிக்கு இறங்கும்போதே குளிரிலிருந்து சூட்டுக்கு மாறி அரைவாசி களைத்துத்தான் வரும். வந்ததும் காம்பைச் சரிவாக ஒரு அங்குலம் வெட்டி, நிழலில் 3, 4 மணித்தியாலம் வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். முழுக் கூலிக்காரர் முதலில் சுருக்குவது இந்த நேரத்தைத்தான். ரெஜிபோம் பெட்டியில் வந்த பூவை அப்படியே தூக்கிக் கட்டுவார்கள். பெட்டியையும் மணந்து பாருங்கள். முதல் நாள் அதில் மீன் வந்திருந்தால் சுவாமிக்கு முன்னால் தெரியவரும்.

அடுத்தது பூக்காம்பைச் சொருகுகிற ஒயாசிஸ் என்கிற பச்சை ஸ்பொஞ்ச். இதில்தான் பெரிய பிழை நடக்கிறது. கட்டியைத் தண்ணீரின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அதுவாகவே தாழும். அவசரத்தில் அமுக்கினால் வெளிப்புறம் நனையும், நடுவில் காற்று அடைபட்டு உலர்ந்தே கிடக்கும். காம்பின் நுனி அந்த உலர்ந்த இடத்தில் போய் நின்றால் பின்னேரம் சொருகிய பூ நடுச்சாமத்துக்குள் தலை தொங்கும். சொருகிய காம்பைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்வதும் அதே பிழைதான், அடியில் வெற்றிடம் விழும். எடையையும் யோசியுங்கள். 23 × 11 × 8 செ.மீ. கட்டி நனைந்தால் 2 கிலோவுக்குக் கிட்ட வரும். 20 கட்டி வைத்தால் பூ, சட்டகத்தின் எடை போக இன்னும் 40 கிலோ மேலதிகம். லான்ட்மாஸ்ரர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் போகிற தண்டிகைக்கு அது பெரிதல்ல. தோளில் போவதென்றால் ஸ்பொஞ்சை முகப்பில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், மற்ற இடத்துக்குச் சரம் போதும்.

சரக் கணக்கு எளிது. 12 அடி திருவாசி வளைவுக்கு மூன்று வரிசை என்றால் 36 அடி, அதாவது 24 முழம். தொய்வுக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 30 முழம் எடுங்கள். கட்டுகிற அக்காவின் முழமும் விற்கிற அண்ணனின் முழமும் ஒன்றல்ல என்பதால் ஒன்றரை அடி என்று அளந்து வாங்குவது நல்லது. மல்லிகையை மொட்டாகவே கட்டி ஈரத் துணியும் வாழையிலையும் சுற்றி வைத்தால் பொழுது படத்தான் விரியும். விரிந்த பூவில் தண்ணீர் தெளித்தால் ஓரம் பழுப்பாகும். நைலோன் நூல் காம்பை அறுக்கும், ஊறவைத்த வாழைநாரே மேல். தாமரை மொட்டுகளைக் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் வைக்க வேண்டும். நந்தியாவட்டையைச் சேர்க்கவே வேண்டாம், தெரு முனைக்கே தாங்காது. அலரி தாங்கும், ஆனால் வெட்டிய காம்பில் வடிகிற பால் பட்டுத்துணியில் கறை பிடிக்கும்.

லைற் எல்.ஈ.டி.யாக இருக்கட்டும். பழைய போக்கஸ் லைற்றுக்குப் பக்கத்துச் சரம் கருகும். ஜெனரேற்றரைத் தண்டிகைக்குப் பின்னால், புகை எதிர்ப்பக்கம் போகிற மாதிரி விட வேண்டும். அந்தப் புகையிலும் பழுத்த வாழைக்குலையிலும் எத்திலீன் இருக்கிறது, பூவை வாட்டி உதிர்க்கிற வாயு அது. சோடனைக்கு வாழைக்குலை கட்டுவதென்றால் காய்க்குலையாகக் கட்டுங்கள். வீதியில் குறுக்கே ஓடும் வயர்களில் எது தாழ்ந்தது என்று முதல் நாளே பார்த்துத்தான் உச்சிக் கலசத்தின் உயரத்தை முடிவுசெய்ய வேண்டும். நல்ல சோடனைக்காரர் கேட்காமலே இதைச் செய்வார்.

ஆகவே, பத்துப் பேராவது பூக்கட்ட வரக்கூடிய ஊர் என்றால் சட்டகத்தையும் லைற்றையும் மட்டும் வாடகைக்கு எடுத்துப் பூவை நீங்களே வாங்குங்கள். ஆள் இல்லையென்றால் முழுக் கூலிதான் வழி. ஆனால் பூ எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குக் கட்டத் தொடங்குவார்கள் என்பதை எழுதி வாங்கி, மிச்சக் காசைத் தண்டிகை வாசலுக்குத் திரும்பிய பிறகு கொடுங்கள். மறுநாள் இறக்கும் கூலியையும் அதிலேயே பேசிவிடுங்கள். வாடிய பூ தென்னை அடியில் உரமாகப் போகும், அந்தப் பச்சை ஸ்பொஞ்ச் மக்காது. வாவிக்கரையில் கொட்டாமல் அவர்களே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.