உமிழ்நீர்க் கார்ட்டிசால் பெட்டி: வாங்கலாமா?

உளைச்சலின்போது கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை உமிழ்நீரில் அளக்க, சிங்கப்பூரில் இணையத்தில் வாங்கக்கூடிய வீட்டுச் சோதனைப் பெட்டி இது: சில குப்பிகள், பெயர்ச்சீட்டு, திருப்பி அனுப்ப ஓர் உறை. மன உளைச்சலை அளக்க ஓரளவு உதவும். நோய் எதிர்ப்புச் சக்தியை அறிய உதவாது.

பெரும்பாலும் காரியம் கெடுவது படுக்கையறையில்தான். நாம் விழித்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் கார்ட்டிசால் உச்சத்தைத் தொடும். அதனால் கண் விழித்ததும் ஒரு குப்பி, 30-ஆம் நிமிடம் ஒன்று, 45-ஆம் நிமிடம் ஒன்று, படுக்குமுன் ஒன்று. காலை, மதியம், மாலை, இரவு என்று கேட்கும் பெட்டியில் இந்த ஏற்றம் பிடிபடாது. அதை வாங்க வேண்டாம். கைப்பேசியைப் பார்த்தபடி முதல் குப்பியைக் கால் மணி நேரம் தள்ளிப்போட்டாலும் ஏற்றம் குறைந்தே தெரியும். மூன்றாவது குப்பி முடியும்வரை கோப்பி, தே கிடையாது. பல் துலக்குவதும் கூடாது, ஈறில் இரத்தம் கசிந்தால் அளவு பொய்யாகும். ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலின் மருந்துப் பெயர்) களிம்பு பூசிய விரல் குப்பியின் வாயில் பட்டால் களிம்பைத்தான் அளந்திருப்பீர்கள். தொண்டைக்கு மெல்லும் அதிமதுரமும் (சீன மருந்துக் கஷாயங்களிலும் அது உண்டு) உமிழ்நீரில் கார்ட்டிசாலைக் கூட்டிக் காட்டும். இரவுப் பணிக்காரர்கள் விழித்த நேரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு நாள் அளவை நம்பாதீர்கள். இரண்டு வேலை நாளாவது எடுங்கள்.

எதிர்ப்புச் சக்திக்கு வருவோம். உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு 2012-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 276 பேரின் மூக்கில் சளிக்கிருமியை விட்டுப் பார்த்தார்கள். நீண்டகால உளைச்சலில் இருந்தவர்களின் வெள்ளணுக்கள் கார்ட்டிசாலுக்குச் சரியாகப் பணியவில்லை. அப்படிப் பணியாதவர்களுக்கே சளி பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். அழற்சியை அடக்க வேண்டிய ஹார்மோன் இருந்தும் அணுக்கள் அடங்குவதில்லை. பெட்டி அளப்பது ஹார்மோனை மட்டுமே. பணிவை அறிய இரத்தம் எடுத்து அணுக்களையே சோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியில் நரம்பின் பங்கோ பெட்டிக்கு இன்னும் எட்டாத தொலைவில். திடீர்ப் பதற்றத்தில் அட்ரினலின் சுரந்த சில நிமிடங்களில் இயற்கைக் கொல்லி அணுக்கள் (கிருமி தொற்றிய அணுக்களை அழிக்கும் வெள்ளணுக்கள்) இரத்தத்தில் பெருகி, பிறகு குறையும். மண்ணீரலுக்குள்ளேயே, பதற்றத்தில் உடலை முடுக்கும் பரிவு நரம்பு முனைகள் நோர்அட்ரினலினை விடுகின்றன. எச்சிலில் இவை எதுவும் தெரியாது.

அறிக்கையில் ‘அட்ரினல் சோர்வு’ (கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது) என்று எழுதி, கூடவே சத்து மாத்திரைப் பட்டியலும் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். அகச்சுரப்பியல் மருத்துவம் ஏற்காத நோய்ப்பெயர் அது. இரவு அளவு திரும்பத் திரும்ப உயர்ந்திருந்தால் மட்டும் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். கார்ட்டிசால் அளவுமீறும் குஷிங் நோயை ஐயுறும் மருத்துவர்கள் கேட்பதும் இரவு உமிழ்நீரைத்தான். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். சோதனைக்காக அதை நிறுத்தக் கூடாது.